வீட்டை இடிக்கிறவர் நமக்கு ஏன் காசு தர்றார்?

பெயின்ட் அடிக்க வர்றவருக்கு நாம காசு கொடுக்கிறோம், பிளம்பருக்கும் கொடுக்கிறோம். ஆனா சென்னையில் ஒரு பழைய தனி வீட்டை இடிக்கணும்னா, பெரும்பாலும் இடிக்க வர்றவர்தான் வீட்டுக்காரருக்குக் காசு கொடுப்பார். மாம்பலத்துலயோ மயிலாப்பூர்லயோ தாத்தா கட்டின வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் பேசிக்கிட்டிருக்கிற குடும்பங்கள்ல இதைக் கேட்டா, “பரவாயில்லையே, லாபம்தானே”ன்னுதான் முதல்ல தோணும். இந்த எபிசோட்ல அந்தக் காசு எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம். அது தெரிஞ்சா, பக்கத்து மனையில ஒரு கட்டடம் இடிபடும்போது நீங்க எந்தப் பக்கமா நடக்கணும்ங்கிறதும் தெரிஞ்சுடும்.

இடிக்கிற காண்ட்ராக்டர் வீட்டைப் பார்க்க வந்தா பிளானைக் கேட்க மாட்டார். நேரா வாசல் நிலையைத் தட்டிப் பார்ப்பார். தேக்கா, வேற மரமான்னு அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிடும். அடுத்தது ஜன்னல் கணக்கு, கிரில் கணக்கு. அப்புறம் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். மர உத்திரம் இருந்தா முகத்துல ஒரு சின்ன மாற்றம் தெரியும். சுண்ணாம்புக் காரையில் கட்டின சுவர்னா செங்கல் முழுசா கழன்டு வரும், மறுபடி விற்கலாம். சிமென்ட்ல கட்டினது உடைஞ்சுதான் வரும். கம்பி எடைக்குப் போகும். ஒயருக்குள்ள இருக்கிற செம்புக்கும் விலை உண்டு. நம்ம பாட்டி பளபளன்னு தேய்ச்சு வச்ச ரெட் ஆக்சைடு தரைக்கு மட்டும் பைசா கிடையாது, பாவம்.

இதையெல்லாம் மனசுக்குள்ளயே கூட்டி, அதிலிருந்து கூலி, மெஷின் வாடகை, லாரி வாடகை கழிச்சு, தன் லாபத்தையும் எடுத்துட்டு, மிச்சத்தைத்தான் நமக்கு விலையா சொல்றார். கான்கிரீட் ஃபிளாட்னா மரம் கிடையாது, கம்பி மட்டும்தான். அங்கே அந்த மிச்சம் ரொம்பச் சுருங்கும், சில இடங்கள்ல நாமளே பணம் தர வேண்டியும் வரும்.

இப்ப அந்தக் கணக்குல எது இல்லைன்னு கவனிங்க. தெருப்பக்கம் தகரத் தடுப்பு, பச்சை வலை, தூசி அடங்கத் தண்ணி, வேலை செய்யறவங்களுக்கு ஹெல்மெட், பெல்ட், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வந்து பார்க்க ஒரு இன்ஜினீயர். இதுல எதையும் பழைய சாமான் கடையில விற்க முடியாது. ஒவ்வொண்ணும் அவர் பாக்கெட்டிலிருந்து போற செலவு. அதனால நாலு பேர்கிட்ட விலை கேட்டு, அதிகமா தர்றவருக்கே வேலையைக் கொடுக்கும்போது, இந்தச் செலவையெல்லாம் அதிகமா வெட்டினவரைத்தான் நாம தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பு இருக்கு. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. விலை பேசற முறையே அப்படி அமைஞ்சிருக்கு.

இது எவ்வளவு தூரம் போகும்னு புரிய, பழைய மெட்ராஸ் வீட்டோட கூரையைக் கொஞ்சம் பார்க்கணும். மெட்ராஸ் டெரஸ்னு சொல்லுவாங்க. தேக்கு உத்திரங்கள், அதுக்கு மேல குறுக்குக் கட்டைகள், அந்தக் கட்டைகளுக்கு மேல சின்னச் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லா நிறுத்திச் சுண்ணாம்புல பிடிச்சிருப்பாங்க. மேல செங்கல் ஜல்லிக் காரை, கடைசியா தட்டோடு. இந்த வீட்டுல கான்கிரீட் தூண் கிடையாது. மொத்த பாரத்தையும் தடிமனான செங்கல் சுவர்களே தாங்குது. சுவர் கூரையைத் தாங்குதுன்னு நாம நினைக்கிறது சரி. ஆனா கூரையும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. எதிரெதிர்ச் சுவர்கள் உள்ளேயோ வெளியேயோ சாயாம அந்த உத்திரங்கள்தான் கட்டி வச்சிருக்கு.

சிக்கல் எங்கேன்னு இப்ப தெரியுதா? வீட்டுலேயே அதிக விலை போற பொருளும் சுவரைப் பிடிச்சிருக்கிற பொருளும் ஒண்ணுதான். காண்ட்ராக்டருக்கு அந்தத் தேக்கு உடையாம, மழையில நனையாம, சீக்கிரம் வெளியே வரணும். கூரையைப் பிரிச்சு உத்திரத்தை உருவி லாரியில ஏத்திட்டா அவர் போட்ட காசு கைக்கு வந்துடும். அதுக்கப்புறம் உயரமான சுவர்கள் எந்தப் பிடிப்பும் இல்லாமத் தனியா நிற்கும். சுண்ணாம்புச் சுவர் மழையில ஊறினா இன்னும் மோசம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு “பாதி வேலை முடிஞ்சிடுச்சு, கூரையே போயிடுச்சே”ன்னு நிம்மதியா இருக்கும். அந்த வீடு இருந்த இத்தனை வருஷத்துல அதிக ஆபத்தான நேரமே அதுதான்.

2023 ஜனவரி 27 அன்னிக்கு அண்ணா சாலையில, ஆயிரம் விளக்கு பக்கத்துல, இடிச்சுக்கிட்டிருந்த ஒரு பழைய கட்டடத்தோட சுவர் நடைபாதையில விழுந்தது. வேலைக்குப் போக நடந்து வந்துக்கிட்டிருந்த 22 வயசுப் பெண், சாஃப்ட்வேர் ஊழியர், இறந்துபோனார். இதைக் கேட்கிற உங்கள்ல பல பேரோட வயசு. அந்த வீட்டோடயோ அந்த வேலையோடயோ அவருக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கட்டடம் இடிக்கிறதுக்குன்னே இந்தியத் தர நிர்ணய அமைப்போட ஒரு விதித்தொகுப்பு இருக்கு, ஐ.எஸ். 4130. அதுல சொல்றது ராக்கெட் சயின்ஸ் இல்லை. கட்டின வரிசைக்குத் தலைகீழா, மேல் மாடியிலிருந்து கீழே ஒவ்வொரு தளமா இறங்கணும். கூரை எடுத்த சுவரை அன்னிக்கே உயரம் குறைக்கணும், இல்லைன்னா முட்டுக் கொடுக்கணும். உடைச்ச குப்பையை மாடித் தளத்துலயே குவிச்சு வைக்கக் கூடாது. ஆள் நடமாட்டம் இருக்கிற பக்கம் தடுப்பும், மேலே மூடின பாதையும் வேணும். தான் நிற்கிற சுவரையே சம்மட்டியால அடிக்கிற தொழிலாளியை எத்தனை தடவை பார்த்திருப்போம்! நுனிக்கிளையில உட்கார்ந்து அடிமரத்தை வெட்டற கதை நம்ம ஊர்ல தினக்கூலிக்கு நடக்குது.

பட்டனை அழுத்தினா கட்டடம் உட்கார்ற ரீல்ஸைப் பார்த்துட்டு “அப்படிச் செஞ்சா என்ன”ன்னு சில பேர் கேட்கிறாங்க. மவுலிவாக்கத்துல 2014 ஜூன் 28 அன்னிக்கு 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க. பக்கத்துல நின்ன ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்னிக்கு வெடி வச்சுத்தான் இறக்கினாங்க. நொய்டா இரட்டைக் கோபுரம், 2022 ஆகஸ்ட் 28, சுமார் 3,700 கிலோ வெடிபொருள். ரெண்டு இடத்துலயும் சுத்தி இருந்த குடியிருப்புகளைக் காலி பண்ணிட்டுத்தான் செஞ்சாங்க. மேற்கு மாம்பலம் சந்துல அதெல்லாம் நடக்காது. அங்கே கைவேலையும் பிரேக்கர் மாட்டின பொக்லைனும்தான்.

2022-ல வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சா பழைய ஃபிளாட்டை இடிச்சுக் கட்டலாம். அதனால இந்த வேலை இன்னும் அதிகமாத்தான் போகுது. ஒப்பந்தம் போடும்போது சதுர அடி, வாடகை, சாவி தர்ற தேதி எல்லாத்தையும் அலசற நாம, இடிக்கிறதை ஒரே வரியில விட்டுடறோம். பழைய சாமான் யாருக்கு, தடுப்புக்கும் தண்ணிக்கும் யார் செலவு, பக்கத்து வீட்டுச் சுவர் விரிஞ்சா யார் பொறுப்புன்னு எழுதி வாங்கணும். முக்கியமா, பழைய சாமானுக்குத் தர்ற விலையையும் பாதுகாப்புக்கு ஆகிற செலவையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. அப்பதான் ஒண்ணை வெட்டி இன்னொண்ணை ஏத்தினா கண்ணுக்குத் தெரியும். கையில வர்ற தொகை கொஞ்சம் குறையும், குறையட்டும். மாநகராட்சியில இடிக்கிறதுக்கான அனுமதி, ஈபி இணைப்பைத் துண்டிச்சதுக்கான அத்தாட்சி, ரெண்டையும் முதல் சம்மட்டி விழறதுக்கு முன்னாடி கண்ணால பார்த்துடுங்க. மொட்டை மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் இருந்தா உடைக்க விடாதீங்க. நனைச்சு, முழுசு முழுசா கழட்டணும். அதோட தூசி நுரையீரலுக்குப் போனா திரும்பி வராது. பக்கத்து வீட்டுக்காரரா இருந்தா, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்க சுவரைத் தேதியோட போட்டோ எடுத்து வைங்க.

கடைசியா அந்த ரப்பிஷ். அதுக்கு விலை இல்லாததால அதுதான் முதல்ல காணாமப் போற பொருள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தோட ஓரமெல்லாம் இப்படி ராத்திரியில இறங்கின லோடுகள்தான். கட்டட இடிபாடுகளுக்கு 2016-லயே தனி விதிகள் வந்தாச்சு. பெருங்குடியிலயும் கொடுங்கையூர்லயும் அரைச்சு ஜல்லியாவும் மணலாவும் பிரிக்கிற ஆலைகள் இருக்கு. லாரி அங்கே போச்சா, ஏரிக்குப் போச்சாங்கிறது ரசீதுல தெரியும். கடைசித் தவணையை அந்த ரசீது வந்தப்புறம் பேசிக்கலாம்னு காண்ட்ராக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.