கொட்டுவது வேறு, மெலிவது வேறு

முடி கொட்டுகிறது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும், எண்ணெயின் பெயரைச் சொல்லப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம், சின்ன வெங்காயம் என்று பட்டியல் நீளும். "எப்போதிலிருந்து கொட்டுகிறது? தலையில் எந்த இடத்தில்?" என்று கேட்பவர்கள்தான் குறைவு. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். ஒரு டீயோடு முடிகிற விஷயமில்லை இது. இன்னொன்றுக்கும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் முடி எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை முடியை வளர்க்கும், மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கும். அதன்பின் மூன்று மாதம் போல ஓய்வு. ஓய்வு முடிந்ததும் அடியிலிருந்து புது முடி கிளம்பும். பால் பல்லைப் புதுப் பல் தள்ளுவதைப் போலப் பழைய முடியைத் தள்ளிவிடும். சீப்பில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வருவது இதனால்தான். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த மூன்று மாத ஓய்வை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டைபாய்டு, டெங்கு, பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடையைக் குறைத்தல் என்று உடம்புக்குப் பெரிய அடி விழும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்க்கால்களில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஆனால் முடி அன்றே உதிர்வதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக வரும். அதற்குள் காய்ச்சலை நாம் மறந்திருப்போம். பழி புதிதாக வாங்கிய ஷாம்பூ மீதோ, குடிவந்த வீட்டின் போர் தண்ணீர் மீதோ விழும்.

ஹார்மோன்களின் வேலையும் இந்தக் கணக்கின் வழியாகத்தான் நடக்கிறது. அதை மிகத் தெளிவாகக் காட்டுவது பிள்ளைப்பேறு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும். ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகள்கூட வளர்ச்சிப் பருவத்திலேயே தங்கிவிடும். ஏழாம் மாதம் வளைகாப்பில் பெண்ணின் பின்னல் கனத்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். பிரசவம் ஆனதும் ஈஸ்ட்ரோஜன் சில நாட்களில் சரிந்துவிடும். தள்ளிப்போட்ட ஓய்வுக்கு முடிகளெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். மூன்றாம் மாதம் வாக்கில் கை வைத்த இடமெல்லாம் முடி வரும். குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் இரண்டு, மூன்று மாதத்தில்தான். அவர்கள் காலத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள்; காரணம் மட்டும் குழந்தையின் சிரிப்பில் இல்லை.

இதைப் பச்சை உடம்புக்காரியிடம் யாரும் முன்கூட்டியே சொல்லிவைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். தூக்கமில்லாமல், பால் கொடுத்துக்கொண்டு, தலை வழுக்கையாகிவிடுமோ என்ற பயத்தையும் அவள் தனியாகச் சுமக்கிறாள். அப்படி ஆகாது. உதிர்ந்தவை பெரும்பாலும் அவள் ஏற்கெனவே உதிர்த்திருக்க வேண்டியவை. மயிர்க்கால் அப்படியே இருக்கிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பழைய நிலை திரும்பிவிடும். நெற்றியோரம் குட்டையாகக் குத்திட்டு நிற்கும் முடிகள் வரத் தொடங்கினால் புது முடி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு வருடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரத்தசோகையையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் முடி கொட்டும், மிகுந்தாலும் கொட்டும். குறையும்போது முடி வறண்டு, தலை முழுவதும் பரவலாக உதிரும். சிலருக்குப் புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலிந்துபோகும். கூடவே அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எடை ஏறுதல் இருந்தால் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாத்திரை தொடங்கி அளவு சரியானதும் முடி வளரும். ஆனால் மயிர்க்காலின் கணக்குப்படி சில மாதங்கள் பிடிக்கும். முதல் மாதத்திலேயே பலன் தெரியவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் கொட்டுதல். முடி நிறைய விழும், தலை முழுக்க விழும், தொடங்கிய மாதத்தைச் சொல்ல முடியும், பெரும்பாலும் திரும்பி வரும். மெலிதல் வேறு ஜாதி. அதில் சீப்பில் முடி அதிகம் தெரியாமலேயே போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் சிறுக்கும். ஐந்து வருடம் வளர்த்தது மூன்று வருடம், பிறகு ஒரு வருடம், பிறகு சில மாதங்கள் என்று குறுகி, கடைசியில் பூனை முடி போன்ற ஒன்றை மட்டும் விடும். ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் இது நடக்கிறது. எப்போது தொடங்கியது என்று கேட்டால் பழைய போட்டோவை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதற்கும் ஆண் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டு என்பதை 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் காட்டினார். பருவம் எய்துவதற்கு முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு மட்டும் முன்தலை ஏறத் தொடங்கியது. கொடுப்பதை நிறுத்தினால் ஏறுவதும் நின்றது. ஹார்மோன் மட்டும் போதாது, அதற்கு இணங்கும் பரம்பரையும் வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்த துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கரீபியத் தீவுகளில் ஒன்றில் உள்ள டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்றொரு கிராமம். அங்கே சில குடும்பங்களில், பிறக்கும்போது பெண் குழந்தை என்று நினைத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகள், பருவ வயதில் குரல் தடித்து, தசை முறுக்கேறி, ஆண்களாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மக்கின்லி என்ற மருத்துவ ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் அவர்களைப் பரிசோதித்து 1974-ல் காரணத்தை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே சுரந்தது. ஆனால் அதை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன், சுருக்கமாக டி.எச்.டி., என்ற வீரியமான வடிவத்துக்கு மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி வேலை செய்யவில்லை. கருவில் ஆண் உறுப்பு முழு உருப்பெற டி.எச்.டி. வேண்டும், அது இல்லாததால்தான் பிறப்பில் அந்தக் குழப்பம். வளர்ந்தபின் அவர்களுக்குத் தாடி குறைவாகவே வந்தது, புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, முன்தலை முடியும் ஏறவில்லை.

மருந்து செய்கிறவர்களுக்கு இது பெரிய வழிகாட்டல். அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு என்ற மருந்தை மெர்க் நிறுவனம் கொண்டுவந்தது. 1992-ல் வீங்கிய புராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராம், 1997-ல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சலினாஸ் கிராமத்தின் சில குடும்பங்கள் அனுபவித்த குழப்பம், இங்கே நம் தெருமுனை மருந்துக்கடை வரை வந்திருக்கிறது.

ஒரே டி.எச்.டி.தான் தாடியைத் தடிக்க வைக்கிறது, உச்சந்தலையை மெலிய வைக்கிறது, பிடரி முடியைத் தொடாமலேயே விடுகிறது. நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. செய்தி ஒன்றுதான், அதைக் கேட்டு என்ன செய்வது என்பது அந்தந்த மயிர்க்காலுக்குள் எழுதியிருக்கிறது. நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஒரன்ட்ரைக் 1950-களில் பிடரியிலிருந்து தோலோடு முடியை எடுத்து முன்தலையில் நட்டார். இடம் மாறிய பிறகும் அது பிடரி முடியாகவே நடந்துகொண்டது, சிறுக்கவில்லை. இன்றைய முடி நடும் சிகிச்சைக்கு அடித்தளம் அதுதான். நட்ட முடி நிற்கும். ஆனால் சுற்றியுள்ள பழைய முடி தன் போக்கில் மெலிந்துகொண்டே போகும். இதை விளம்பரங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

வழுக்கை உள்ளவருக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இரத்தத்தில் அளவு சாதாரணமாகவே இருக்கும். கூடுதலாக இருப்பது மயிர்க்காலின் உணர்திறன். தாய்மாமன் தலையைப் பார்த்தால் உன் தலை தெரியும் என்பதிலும் பாதி உண்மை உண்டு. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு தாய் தரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆனால் வேறு பல மரபணுக்களும் இதில் சேர்ந்திருப்பதால், அப்பாவின் தலையையும் பார்க்கத்தான் வேண்டும்.

பெண்களுக்கு மெலிதல் வேறு விதம். நெற்றி வரம்பு அப்படியே இருக்க, நடு வகிடு அகலமாகும். மாதவிடாய் நின்ற பிறகு இது பலருக்கு வரும். ஹார்மோன் அளவுகள் சரியாக இருக்கும்போதும் வரும். ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்கு வகிடு அகலமாகி, கூடவே மாதவிடாய் தள்ளிப்போய், முகவாயில் முடியும் பருவும் வந்தால் சினைப்பை நீர்க்கட்டியை, அதாவது பி.சி.ஓ.டி.யைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே இன்சுலின் மிகும்போது சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது முகவாயில் முடியை வளர்த்து, தலையில் மெலிய வைக்கிறது. அந்தப் பெண்ணிடம் எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுத்து அனுப்புவது நியாயமே இல்லை. அவளுக்கு வேண்டியது மகப்பேறு மருத்துவரும், சர்க்கரைப் பரிசோதனையும், சாப்பாடு, நடை, தூக்கம் பற்றிய அக்கறையான பேச்சும்.

வட்டமாக, காசளவுக்கு மொழுமொழுவென்று முடி போகும் புழுவெட்டு இந்தக் கணக்கில் சேராது. உடலின் எதிர்ப்பு அணுக்களே வேரைத் தாக்குவதால் வருவது அது. தோல் மருத்துவரிடம் போங்கள்.

மருந்துகளைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மினாக்சிடில் ஹார்மோன் மருந்து கிடையாது. இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது; சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி முளைத்ததைப் பார்த்துத் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், ஏனென்றால் ஓய்விலிருந்த முடிகள் சீக்கிரம் தள்ளப்படுகின்றன. இதில் பயந்து விடுகிறவர்கள் ஏராளம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்தது போய்விடும்.

ஃபினாஸ்டரைடு இரத்தத்தில் டி.எச்.டி.யை ஏறத்தாழ 70 சதவீதம் குறைக்கும். பல ஆண்களுக்கு மெலிவதை நிறுத்தும், சிலருக்கு ஓரளவு திரும்ப வளர்க்கும். நூற்றில் சிலருக்குப் பாலுறவு நாட்டமோ விறைப்போ குறையலாம், மனச்சோர்வும் பதிவாகியிருக்கிறது. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவைப் பாதியாகக் காட்டும் என்பதால், வயதானவர்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது. சாப்பிடும் ஆண்கள், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை இரத்ததானம் செய்யக் கூடாது; அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். சலினாஸ் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: கருவிலிருக்கும் ஆண் குழந்தைக்கு டி.எச்.டி. வேண்டும். நண்பன் சாப்பிடுகிறான் என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை இது. மின்னும் அளவுக்கு வழுக்கையான இடத்தில் எந்த மருந்தும் பெரிதாகச் சாதிக்காது என்பதால், செய்வதானால் மெலியும்போதே செய்ய வேண்டும்.

பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா என்றும் கேட்பார்கள். கத்தி படுவது தோலுக்கு மேலே. ஹார்மோன் பேசுவது தோலுக்குக் கீழே. வேண்டுதலுக்காகப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். எண்ணெயும் அப்படித்தான். முடியை மிருதுவாக்கும், ஒடியாமல் காக்கும், தலையில் யாராவது தேய்த்துவிட்டால் சுகமாகவும் இருக்கும். அந்த அளவுக்கு நம்பலாம்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு போட்டோ, கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், பிரசவம், தொடங்கிய அல்லது நிறுத்திய மாத்திரைகள் பற்றிய ஒரு சிறு குறிப்பு. முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அதிக அளவில் சாப்பிட்ட பயோட்டின் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச். அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். தைராய்டு குறைந்தால் டி.எஸ்.எச். ஏற வேண்டும்; அது ஏறாததுபோல் தெரிவதால், தைராய்டு குறைவாக உள்ளவருக்கும் எல்லாம் சரி என்று முடிவு வந்துவிடலாம். இரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.