முதியோர் பராமரிப்பு இல்லங்களில் செயற்பாட்டு நிகழ்ச்சிகள்: அறிவிப்பும் வினாவும்

முன்னுரை

முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடைபெறும் இசை, வாசிப்பு, வழிபாடு முதலிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாத நாட்காட்டியாகச் சுவரில் ஒட்டி அறிவிக்கப்படுகின்றன. இல்லம் எதை நடத்துகிறது என்பதை அது சொல்லும். அங்கு வாழும் முதியவர் எதை வேண்டுகிறார் என்பதைச் சொல்லாது. இதனை அறிய அமெரிக்காவின் ‘நர்சிங் ஹோம்’களில் கையாளப்படும் வினாப்படிவத்தை இக்கட்டுரை விளக்குகிறது. (தமிழகத்தில் இச்சொல் சிறு மருத்துவமனையைக் குறிக்கும், அங்கோ நெடுநாள் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும்.)

எட்டு வினாக்கள்

மெடிகேர், மெடிகெய்டு நிதி பெறும் இல்லங்கள் ஒவ்வொரு முதியவரையும் முழுமையாக மதிப்பிட வேண்டும் என 1987ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் பதிப்புப் படிவத்தில், விருப்பங்களை முதியவரிடமே நேரில் கேட்டறியும் பகுதி அமைந்தது. படிக்க நூலும் செய்தித்தாளும் இருத்தல், விரும்பிய இசை, வளர்ப்பு விலங்குகளின் அண்மை, நாட்டு நடப்பறிதல், பலரோடு கூடிச் செய்தல், தமக்குப் பிடித்த செயல், வெளியே காற்று வாங்கல், சமய வழிபாடு என எட்டும் வினவப்படுகின்றன. ‘பிடிக்குமா’ என்று கேளாமல், ‘இங்கிருக்கும்போது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்’ என்று கேட்பது நோக்கத்தக்கது. முதியவர் விடையளிக்க இயலாதபோது குடும்பத்தினரையும், அவர்களும் இல்லாதபோதே பணியாளரின் கணிப்பையும் நாட வேண்டும்.

ஐந்தாம் விடை

‘மிக முக்கியம்’ முதல் ‘சற்றும் முக்கியமன்று’ வரையிலான நான்கு விடைகளுக்குப்பின் ஐந்தாவதாக ஒன்றுண்டு: ‘முக்கியம், ஆனால் செய்ய இயலாது அல்லது தேர்வுரிமை இல்லை.’ படிவத்தின் உயிர்நிலை இதுவே எனலாம். இவ்விடை இல்லையெனில், பார்வை குன்றியதால் செய்தித்தாளைக் கைவிட்ட ஒருவர் வாசிப்பில் நாட்டமற்றவராகப் பதிவாகிவிடக்கூடும். அவரை யாரும் வாசிப்பு நிகழ்ச்சிக்கு அழைக்கமாட்டார்.

எனினும் இவ்விடை இருவேறு குறைகளை ஒரே எண்ணில் அடைக்கிறது. கண் தெரியாதவருக்குப் பெரிய எழுத்து அச்சோ, உரக்கப் படிப்பவரோ போதும். சக்கர நாற்காலியைத் தள்ள ஆளின்றி உள்ளேயே இருப்பவருக்கோ பணிநேர அட்டவணையே மாற வேண்டும். முன்னது உடலின் தடை. பின்னது இல்லத்தின் தடை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் இரண்டாவது தடை இல்லத்தின் கண்ணுக்கே படாது. ‘எதனால்?’ என்று மேலும் ஒரு வினாவைக் கேட்டு, கிடைக்கும் விடையை முதியவரின் சொற்களிலேயே பராமரிப்புத் திட்டத்தில் எழுதுவது தகும்.

இத்தகைய படிவத்தைத் தமிழில் ஆக்குவோர்க்கு இச்சிக்கல் இன்னும் கூடும். ‘வெளியே போக முடியாது’ என்னும் தொடர் கால் வலியையும் உணர்த்தும். இல்லத்தார் விடாமையையும் உணர்த்தும். சில வேளைகளில் பேசுபவரின் மறுப்பையும் உணர்த்தும். ஆகவே தமிழ்ப் படிவத்தில் ‘உடல்நிலை இடங்கொடுக்கவில்லை’, ‘இங்கு அதற்கு வழியில்லை’ என இரு தனிக் கட்டங்கள் அமைதல் வேண்டும்.