இரத்தம் ஊற இரும்பு மட்டும் போதுமா?

கிளினிக்கில் "இரத்தம் குறைவு" என்று சொன்னால் நம் தாய்மார் இரும்புச்சத்துக் குளிசையை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நல்லது. ஆனால் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு கொஞ்சம்தான், பெரும்பங்கு புரதம். அந்தப் புரதத்தை உடம்புக்குள்ளே செய்பவை றைபோசோம்கள்.

நம் உடம்பு கோடானகோடி கலங்களால் ஆனது. ஒரு கலத்துக்குள் பல இலட்சம் றைபோசோம்கள் இருக்கலாம். ஒரு மில்லிமீற்றரை 40,000 பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் ஒரு றைபோசோம். 1950களில் ஜோர்ஜ் பலாடே என்ற விஞ்ஞானி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இவற்றைக் கண்டு விவரித்தார். உள்ளமைப்பை அணு அணுவாக ஆராய்ந்த மூவருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இது எப்படி வேலை செய்கிறது? எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற விவரமெல்லாம் கலத்தின் கருவிலே டீ.என்.ஏ.யில் எழுதியிருக்கிறது. ஆபீஸ் பெரிய புத்தகத்தை யாரும் வெளியே கொடுப்பாங்களா? தேவையான பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து அனுப்புவாங்க. அந்தப் பிரதிதான் தூது ஆர்.என்.ஏ. றைபோசோமுக்குச் சின்னது, பெரியது என்று இரண்டு துண்டுகள். இரண்டும் சேர்ந்து அந்தப் பிரதியைப் பிடித்துக்கொண்டு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். ஒவ்வொரு மூன்று எழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். அதைச் சுமந்துவர வேறொரு வகை ஆர்.என்.ஏ. இருக்கிறது. வந்ததை றைபோசோம் மணி கோர்ப்பதுபோல ஒன்றோடொன்று கோர்க்கும், விநாடிக்கு ஐந்தாறு வீதம். ஹீமோகுளோபினில் இப்படிப்பட்ட சரங்கள் நான்கு. இரண்டில் 141 மணி, மற்ற இரண்டில் 146.

முதிர்ந்த சிவப்பணுவில் கருவும் இல்லை, றைபோசோமும் இல்லை. அது சுமார் 120 நாளில் அழிந்துபோகும். ஆகவே எலும்பு மச்சையில் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கவேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் இன்னும் கூடுதலாக.

கோர்ப்பதற்கு 20 வகை மணி தேவை. அதில் 9 வகையை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஒரு வகை தட்டுப்பட்டாலும் வேலை தடைப்படும். அப்போது உடம்பு தன் சதையையே கரைத்துத்தான் எடுக்கும். கோதுமை மாவிலும் அரிசியிலும் லைசின் என்ற வகை குறைவு. காலையில் ரொட்டியும் சம்பலும், பகலிலும் அதே ரொட்டி என்றால் வயிறு நிறையும், மணி போதாது. பருப்பு, பயறு, கடலையில் லைசின் தாராளம். அவற்றில் குறைவானது அரிசியில் இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் நல்ல சோடி. முட்டை, நெத்தலி, கருவாட்டில் ஒன்பதும் உண்டு. வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் சாப்பிடும் அம்மாமார் பருப்பை வழித்தெடுத்த சட்டியோடு நின்றுவிடுகிறார்கள். கர்ப்பிணிக்கு முதலில் வையுங்கள், அப்பாமாரே.

இன்னொன்று. குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு குடித்துவிட்டு, தேத்தண்ணியை ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடிக்கலாம்.