ஓர் ஆரஞ்சுப் பழத்துக்கு 300 கண்ணி

"நூலைப் பின்னி என்ன ஆகப் போகுது? அரிசிப் பானை நிறையுமா?" என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இருட்டோடு எழுந்து உலை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பெரட்டுக்கு ஓடி, வெயிலில் காய்ந்து வீடு திரும்பும் நம் சகோதரிகளுக்குப் பொழுதுபோக்கு என்ற சொல்லே அந்நியமானதுதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அதை நாம் சிங்கப்பூரில், பாசிர் ரிஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் கேட்டு வந்தோம்.

பாசிர் ரிஸ் ரயில் பாதையின் கிழக்குக் கோடி. ஒரு காலத்தில் கம்பத்து வீடுகளும் தென்னையுமாய் இருந்த கடலோரம். 1980களில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1989இல் ரயிலும் வந்து சேர்ந்தது. கடற்கரைப் பூங்காவில் நின்றால் எதிரே புலாவ் உபின் தீவு தெரியும். அதற்கும் அப்பால் ஜொகூர்.

அந்த ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்து, சிங்கப்பூருக்கு வாக்கப்பட்டு வந்தவர்தான் நாம் சந்தித்த அக்கா. பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். கல் மேசையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் எட்டிப் பார்த்த நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீளக் காது முயல், குண்டு யானை, தர்பூசணித் துண்டு, மங்குஸ்தீன், ஆரஞ்சு எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் அளவு. அத்தனையும் நூல்.

"உக்காருங்க தம்பி. தோட்டத்துல தையல் வகுப்பு இருந்துச்சு. ரேடியோப் பெட்டி மேல விரிக்கப் பூத்துணி பின்னக் கத்துக்கிட்டேன். இப்ப யாரு வீட்டுல ரேடியோப் பெட்டி இருக்கு? பேத்தி முயல் வேணும்னு கேட்டா. அதே ஊசி, அதே கை. தட்டையாப் பின்னுனத உருண்டையாப் பின்னுறேன், அவ்வளவுதான்!"

உருண்டை வரும் விதம்

இந்தப் பொம்மைப் பின்னலுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அமிகுருமி. 'அமி' என்றால் பின்னல். பஞ்சடைத்த பொம்மையைக் குறிக்கும் 'நுய்குருமி' என்ற சொல்லின் பின்பாதி அதோடு சேர்ந்துகொண்டது. பெயர்தான் புதிது, வேலை நமக்குத் தெரிந்த குரோஷாதான். நுனியில் கொக்கி உள்ள ஒரே ஓர் ஊசி. ஒரு கண்ணிக்குள் நுழைந்து நூலை இழுத்து அடுத்த கண்ணியை உண்டாக்குவது. இரண்டு ஊசி கொண்டு கம்பளிச் சட்டை பின்னுவது வேறு, இது வேறு.

அக்கா ஓர் ஆரஞ்சைக் கையில் எடுத்துக் கணக்குச் சொன்னார். முதலில் நூலை வளையமாக்கி அதற்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட 12. பிறகு சுற்றுக்கு ஆறு கூட்டி 18, 24, 30. அதன் பின் கூட்டாமல் குறைக்காமல் ஐந்து சுற்று. அதுதான் பழத்தின் வயிறு. பிறகு இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக் குறைத்து 24, 18. வாய் மூடுவதற்குள் செயற்கைப் பஞ்சை அடைத்து 12, 6 என்று முடித்து நூலை இழுத்துக் கட்ட வேண்டும். மொத்தம் 14 சுற்று. கூட்டிப் பார்த்தோம்: சரியாக 300 கண்ணி!

"எண்ணிக்கை தப்புனா பழம் கோணிக்கும். சுத்து ஆரம்பிக்கிற எடத்துல வேற கலர் நூல்துண்டு ஒண்ணு அடையாளம் வச்சுக்கணும். மொதல்ல கத்துக்கிறவங்க கறுப்பு நூல் எடுக்கக் கூடாது, கண்ணி கண்ணுக்குத் தெரியாது," என்றார்.

ஐந்நூறு அறுநூறு மரம் பார்க்கும் கைக்கு 300 கண்ணி ஒரு மலை அல்ல. வரிசையும் எண்ணிக்கையும் பிசகாத கவனம் பால்மரம் வெட்டியவர்களுக்குப் புதிதா என்ன?

இன்னொன்றும் சொன்னார். கடையில் கண்ணுக்கென்று பிளாஸ்டிக் மணி விற்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பின்னினால் அதைப் பொருத்தவே கூடாது. பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிட வேண்டும். கண்ணிகளும் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

"அஞ்சு வெள்ளிக்குத் தாங்க"

இதுவரை சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம், விலை பற்றிக் கேட்டதும் மாறியது. ஒரு விற்பனைச் சந்தையில் மேசை போட்டிருந்தாராம். ஒரு முயலைப் பின்னி முடிக்க அவருக்கு மூன்று மாலை ஆகும். வந்த ஓர் அம்மாள் முயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்மா வீட்டுல இருக்கிற நேரத்துல செய்யுறதுதானே, அஞ்சு வெள்ளிக்குத் தாங்க" என்றாராம்.

"நான் கொடுக்கல தம்பி. பேத்திக்குச் சும்மாவே கொடுப்பேன். ஆனா அஞ்சு வெள்ளிக்குக் கொடுக்க மாட்டேன். சும்மா கொடுத்தா அது அன்பு. அஞ்சு வெள்ளிக்குக் கொடுத்தா, என் மூணு நாளு அஞ்சு வெள்ளின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இது அந்த அக்கா ஒருவரின் மனக்குறை அல்ல. 'சும்மா இருக்கிற நேரம்' என்ற அந்தச் சொல்லுக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது.

ஆந்திராவில் கோதாவரிக் கரையோரம் நர்சாபூர் என்று ஓர் ஊர். பாதிரிமார் குடும்பங்கள் கற்றுக் கொடுத்த குரோஷா லேஸ் வேலை அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பரவியது. ஏழைப் பெண்கள் பின்னிய லேஸ் கப்பலேறி மேல்நாட்டுக் கடைகளுக்குப் போனது. மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அந்தப் பெண்களிடையே ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது என்ன? பகலெல்லாம் பின்னும் அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. வீட்டில் இருக்கிற பெண், ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறாள் என்றே வியாபாரிகள் பேசினார்கள். ஓய்வு நேரம் என்று பெயர் வைத்துவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம் அல்லவா?

அதே நூலுக்கு இன்னொரு முகமும் உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அது குரோஷா அல்ல. திண்டின்மேல் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வேலை. அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர், லேஸ் பின்னிய காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். நம் தோட்டப்புறத்து மக்கள் இதைப் படித்துவிட்டுச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். நர்சாபூரில் கூலியை விழுங்கியதும் நூல். நாகர்கோவிலில் விலங்கை அறுத்ததும் நூல். வேறுபாடு எங்கே? உழைத்தவளின் கைக்கு உழைப்பின் காசு வந்து சேர்ந்ததா இல்லையா என்பதில்தான்.

யந்திரம் செய்யாத வேலை

குரோஷாவுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. கம்பளிச் சட்டையை யந்திரம் பின்னுகிறது. துணியை யந்திரம் நெய்கிறது. பஞ்சடைத்த குரோஷா முயலை மட்டும் இன்றும் கைதான் பின்ன வேண்டும். பேரங்காடியில் மலிவாக ஒரு பின்னல் பொம்மை தொங்கினால், எங்கோ ஒரு பெண் அதன் ஒவ்வொரு கண்ணியையும் போட்டிருக்கிறாள் என்று பொருள். அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

பல கைகள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை காட்டியது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு, 2018 ஜனவரியில் 58,917 குரோஷா உருவங்களை ஓரிடத்தில் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது. வீட்டில் தனித்தனியே உட்கார்ந்து பின்னியவர்கள்தான். ஒன்று சேர்ந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. சங்கம் கண்ட தோட்டப் பாட்டாளிகளுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

கணக்குப் போடுவோம்

இனி நம் கணக்குக்கு வருவோம். நிமிடத்துக்கு 6 கண்ணி என்று வைத்தால் 300 கண்ணிக்கு 50 நிமிடம். பஞ்சடைக்க, இலை பின்னித் தைக்க இன்னும் 25 நிமிடம். ஆக ஓர் ஆரஞ்சுக்கு ஒன்றேகால் மணி நேரம். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. ஒன்றேகால் மணிக்கு 10 ரிங்கிட் 90 காசு. நூலும் பஞ்சும் 2 ரிங்கிட் என்றால்கூட 12 ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. இதில் லாபம் ஒரு காசும் இல்லை; வெறும் கூலிதான்! இதற்குக் கீழே கேட்பவர் நம் கூலியில் கை வைக்கிறார்.

அப்படியானால் எல்லோரும் பொம்மை பின்னி விற்கக் கிளம்புங்கள் என்று நாம் சொல்கிறோமா? இல்லை. பின்னுவதன் முதல் பலன் மனத்துக்கே. எண்ணிக்கையில் மனம் நிற்கும்போது கவலை சற்று விலகி நிற்கிறது என்று அந்த அக்கா சொன்னது உண்மை. ஓர் ஊசி, ஓர் உருண்டை நூல் போதும். தோட்டத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஞாயிறு மாலை ஒரு வகுப்பே நடத்தலாம். தெரிந்த பாட்டி ஒருவர் எந்தத் தோட்டத்திலும் இருப்பார். அவர் கை ஓய்வதற்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடைபெறும்போது அக்கா கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து நம் கையில் வைத்தார். விலை கேட்டோம்.

"போங்க தம்பி, இது சும்மா."

நாம் 300 கண்ணியையும் எண்ணிக்கொண்டே ரயிலேறினோம். சகோதரிகளே! அன்புக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். விலைக்குக் கொடுப்பதானால் முதலில் மணியைப் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் நேரம் சும்மா இருக்கிற நேரம் அல்ல.