ஒருவனுக்காக நின்ற அணி



நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போக, ஏனைய தொண்ணூற்றொன்பதையும் விட்டு அந்த ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் பலமுறை வாசித்திருப்பீர்கள். இலாப நட்டம் பார்ப்பவருக்கு அது பேதைமையாகத் தோன்றும். அன்போ வேறுவிதமாகக் கணக்கிடுகின்றது. அவ்வாறு கணக்கிட்ட ஒரு விளையாட்டுப் பயிற்றுவிப்பாளரைக் குறித்து இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் ஜோன் வூடன். 1910ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே பிறந்து, பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பிறரை விஞ்ச முயல்வதைவிட, தன்னால் இயன்றதை முழுமையாகச் செய்வதே மேல் என்பது தந்தை அவருக்குக் கற்பித்த பாடம். பேர்டியூ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட வீரராகப் புகழ்பெற்ற அவர், 1932இல் பட்டம் பெற்றபின் ஆசிரியராகவும் பயிற்றுவிப்பாளராகவும் பணியாற்றினார்.

1946இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரி அணியை அவர் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே அவ்வணிக்குக் கல்லூரிகளுக்கிடையிலான தேசிய சுற்றுப்போட்டி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இளம் பயிற்றுவிப்பாளர் ஒருவருக்கு அது எத்துணை பெரிய வாய்ப்பு! ஆயினும், கறுப்பின வீரர்கள் அதில் ஆடுவதற்கு அனுமதியில்லை. அவரது அணியில் கிளாரன்ஸ் வோக்கர் என்னும் கறுப்பின மாணவர் இருந்தார். அவர் அணியின் நட்சத்திர வீரர் அல்லர், மாற்று வீரரே. அவரின்றியும் அணி ஆடியிருக்கலாம். வூடனோ அழைப்பை மறுத்துவிட்டார்.

1948இல் அத்தடை நீங்கியது. அணி வோக்கருடன் சென்றது. அச்சுற்றுப்போட்டியில் ஆடிய முதற் கறுப்பின வீரர் என்னும் பெருமை வோக்கருக்குக் கிடைத்தது. இறுதியாட்டத்தில் அணி தோற்றது, கிண்ணம் கைகூடவில்லை. ஆனால் எவரும் பின்னால் விடப்படவில்லை.

அதே ஆண்டில் வூடன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். காலுறையை மடிப்பு விழாமல் அணிவது எவ்வாறு என்பதையும் தம் வீரர்களுக்கு அவரே கற்பித்தார். சிறு மடிப்பும் பாதத்தைக் கொப்புளமாக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அங்கு முதல் 15 பருவங்களில் தேசிய வெற்றி கிட்டவில்லை. பின்னர் 1964 முதல் 1975 வரை 10 முறை அவரது அணி தேசிய வாகை சூடியது. 2010ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் திகதி, தமது 99ஆவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அன்புப் பெற்றோரே, உங்கள் இல்லத்தில் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் யார்? விருந்தினர் வரும்போது புலமைப்பரிசில் பெற்ற பிள்ளையைப் பெருமையோடு முன்னிறுத்துகின்றோம். படிப்பிற் பின்தங்கிய பிள்ளை கதவோரம் நிற்பதைக் காண்கின்றோமா? நடக்க இயலாத பாட்டியாரை வீட்டில் விட்டு ஆலயத் திருவிழாவுக்குச் செல்கையில், அவருடைய மனம் எங்கே இருக்கும் என எண்ணுகின்றோமா? மிகச் சிறியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்பவர் நம் ஆண்டவர். அவர்களை விட்டுச் சென்றால், விட்டுச் செல்வது அவரையே அன்றோ?

இவ்வாரம் அப்படிப்பட்ட ஒருவருக்காகச் சற்று நில்லுங்கள். உங்கள் பயணம் சிறிது தாமதமாகலாம். ஆயின் குடும்பம் முழுமையாகச் சென்றடையும்.

செபம்: நல்லாயனாம் இயேசுவே, எங்களுள் பின்தங்கியோரைக் கண்டு நிற்கும் கண்களையும், அவர்களுக்காக இழக்கத் துணியும் உள்ளத்தையும் எமக்குத் தந்தருளும். ஆமென்.