தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் கமரா

2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய எமது சகோதரிகள் பலர் உயிரை மட்டுமே கொண்டுவந்தார்கள். கலியாண அல்பங்களும் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களும் வழியிலேயே தொலைந்துபோயின. மன்னாரில் நான் சந்தித்த ஒரு தாயிடம் கணவரின் நினைவாக இருப்பது, அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தெடுத்த ஒரேயொரு படம். வெளிநாட்டிலுள்ள தமையன் தான் பாவித்த கமராவைக் கொடுத்தபோது அவர் அதை அலுமாரியில் பூட்டி வைக்காததற்கு அதுவே காரணம்.

அது 2015 இல் வெளிவந்த நிக்கொன் கூல்பிக்ஸ் பி900. பொக்கற் கமராவுக்கும் தொழில்முறைக் கமராவுக்கும் இடைப்பட்டது என்பதால் இவ்வகையைப் ‘பிரிட்ஜ்’ கமரா என்பர். இதில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஆனால், அந்த ஒரே லென்ஸ் 83 மடங்கு வரை ‘சூம்’ செய்யும். நிறை ஏறக்குறைய 900 கிராம்.

அவர் படம்பிடிக்கப் பழகியது வங்காலைச் சதுப்புநிலத்தில். 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்துக்கு மாரி காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. “கிட்டப் போனால் பூநாரை பறந்திடும் அக்கா. தூர நிண்டால்தான் அது தன்ர பாட்டில மேயும்” என்றார்.

அனுபவம் அவருக்குச் சிலவற்றைக் கற்பித்தது. முழுமையாகச் சூம் செய்யும்போது கை சற்று நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். ஆகவே கமராவைச் சைக்கிள் இருக்கையில் ஊன்றி, இரண்டு செக்கன் ரைமரைப் போட்டுவிடுகிறார். நண்பகலில் நிலத்திலிருந்து எழும் வெக்கை தூரக் காட்சியை அலையவைக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுகிறார். ‘டிஜிற்றல் சூம்’ தெளிவைக் கூட்டாது. இருப்பதைப் பெருப்பிக்க மட்டுமே செய்யும். உள்ளே படத்தைப் பதியும் சென்சர் சிறியது. மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். எனவே இரவு மண்டபக் கலியாணங்களை அவர் ஏற்பதில்லை.

பகலில் நடக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளுக்கு இது நன்கு உதவுகிறது. கோட்டுக்கு வெளியே நின்றே, ஓடிவரும் பிள்ளையின் முகத்தை எடுக்கலாம். பெற்றோர் காசு கொடுத்துப் பிரதி கேட்கிறார்கள். அந்தச் சிறுவருமானம் மகளின் ரியூசன் செலவுக்கு உதவுகிறது.

ஒரு விடயத்தில் மட்டும் அவர் கண்டிப்பானவர். இந்தக் கமராவால் அடுத்த தெருவில் நிற்பவரின் முகத்தையும் அவர் அறியாமல் எடுத்துவிடலாம். யாரோ தம்மைப் படம்பிடிக்கிறார்கள் என்ற பயத்துடன் வாழ்ந்தவர்கள் நாம். ஆகையால் பறவையிடம் கேட்காவிட்டாலும் மனிதரிடம் கேட்காமல் அவர் எடுப்பதில்லை. பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

சகோதரிகளே, விலையுயர்ந்த கமரா எல்லோருக்கும் தேவையில்லை, கைத்தொலைபேசியும் போதும். எடுத்த படங்களில் முக்கியமானவற்றைப் பிரதியெடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஓரிடத்தில் தொலைந்தாலும் மற்ற இடத்தில் ஒரு முகம் மிஞ்சும்.