உங்களுக்குத் தெரியுமா? பால் குடிக்கும் நேரத்தில் பிள்ளை பேசுகிறது!

● ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு விண்மீன் கூட்டங்களே தெரியும். அதே மலையில் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கோ 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவு. மடியில் கிடந்து பால் குடிக்கும்போது அதன் கண்ணுக்கும் அம்மா முகத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான்.

● பிறந்த குழந்தையைத் துடைத்து, துணி சுற்றாமல் அம்மாவின் வயிற்றின்மேல் போட்டால் பல குழந்தைகள் மெல்ல ஊர்ந்துபோய்த் தாமாகவே மார்பில் வாய் வைக்கும். சுவீடன் ஆய்வாளர்கள் 1987இல் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் அந்த நேரத்தில்தான் சேனை வைக்கிறோம் என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவப்படும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் உண்டு. அந்தச் சீம்பால்தான் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் நோய் எதிர்ப்பு மருந்து!

ஜவ்வாது மலைத் தேனுக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். இருந்தாலும் ஒரு வயது முடியும்வரை பிள்ளைக்கு எந்தத் தேனும் வேண்டாம். போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் சுத்தமான தேனிலும் இருக்கலாம். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். சேனை வைக்க வந்த பெரியவர் கோபித்துக்கொண்டால், பிள்ளையின் காதில் பேர் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

● குழந்தை மடமடவென்று சப்பும். திடீரென்று நிறுத்தும். தூங்கிவிட்டதோ என்று அம்மா கன்னத்தைத் தட்டுவார், மடியை லேசாக ஆட்டுவார். மறுபடி சப்பும். இதை உட்கார்ந்து கவனித்தவர் கென்னத் கே என்ற அமெரிக்க உளவியலாளர். 1970களில் அவரும் கூட்டாளிகளும் கண்டது வேடிக்கையானது: ஆட்டும்போது குழந்தை குடிப்பதில்லை, ஆட்டுவதை நிறுத்திய பிறகுதான் குடிக்கத் தொடங்குகிறது. இரண்டு வாரத்துக்குள் அம்மாக்களுக்கு இது பிடிபட்டு, ஆட்டும் நேரத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீ முடித்தால் நான், நான் முடித்தால் நீ என்று முறை வைத்துப் பேசும் பழக்கத்துக்கு இதுவே பிள்ளையார் சுழி என்பது கேயின் கருத்து. எனக்கு இது ஒத்துக்கொள்ளக்கூடியதாகவே தோன்றுகிறது. ஆகவே பிள்ளை நிறுத்தியதும் பதறி உலுக்காதீர்கள். ஒரு நொடி பொறுங்கள்.

● பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் ஒலிப்பதிவுடன் இணைத்த ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு தாளத்தில் சப்பினால் அம்மா குரல் கேட்கும், வேறு தாளத்தில் சப்பினால் அடுத்தவர் குரல். குழந்தைகள் அம்மா குரல் வரும் தாளத்துக்கு மாறிக்கொண்டன. ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இது.

● ‘பால் பத்தலை போலிருக்கே’ என்று மாமியார் பத்து முறை சொன்னால் பால் இறங்குவதே தடைப்படலாம். மார்பிலிருந்து பாலைப் பாய்ச்சும் ஹார்மோன் ஆக்சிடோசின். வலி, பயம், கவலை மூன்றும் அதைத் தடுக்கும். மாறாக, பிள்ளையை நினைத்தாலோ அதன் அழுகை காதில் விழுந்தாலோ மார்பு கசியும். இந்த ஹார்மோனைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

● அப்பாவும் பாட்டியும் என்ன செய்வது? பாலாடை இருக்கிறதே! பழைய வீடுகளில் வெள்ளியில் இருந்த அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைகளுக்காக இன்று மருத்துவமனைகளிலும் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பாலைப் பீய்ச்சி அதில் ஊட்டலாம். தலையைச் சற்றே உயர்த்திப் பிடித்து, விளிம்பை உதட்டில் வைத்து, விழுங்கியபின் அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும் என்பதால், ஊட்டுபவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

● ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சோறும் வேண்டும். ஜவ்வாது மலையில் விளையும் சாமையைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடாத பதம் வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்து சேராது. வாயை மூடி முகத்தைத் திருப்பினால் ‘போதும்’ என்று அர்த்தம். செல்போனில் படம் காட்டித் திணித்தால் அந்தப் பேச்சு அங்கேயே அறுந்துபோகும்.

● பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகளைத் தமிழக அரசு 2015 ஆகஸ்டில் திறந்தது. அப்போது திறந்தவை 352.

● பால்மாவு டப்பாவில் கொழுகொழு குழந்தையின் படம் ஏன் இல்லை? 1992ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. குழந்தை படமும் கூடாது, அம்மா படமும் கூடாது, விளம்பரமும் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகமோ கட்டாயம். அடுத்த முறை மருந்துக்கடைக்குப் போனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.